கணைக்காலின் துணையெலும்பு

தைப்பூசத்தை முன்னிட்டு ஒட்டன்சத்திரம், சத்திரப்பட்டி வழியாக நடந்துவரும் பாதயாத்திரிகர்கள், கொய்யாத் தோப்புகள் சூழ்ந்த ஆயக்குடியை அடைந்து, பழனிக்கு இன்னும் சில மைல்களே எஞ்சியுள்ளன என்ற ஆறுதலோடு சாலையோரம் அமர்ந்து கால்களைப் பிடித்துவிட்டுக்கொள்ளும்போது, அவர்கள் கைக்கு முதலில் தட்டுப்படுவது கணைக்காலின் முன்புறத்துப் பெரிய எலும்புதான். வெளிப்புறத்தில் தசைகளுக்குள் மறைந்து இறங்கி, வெளிக்கணுவாகத் துருத்தி முடிகின்ற மெல்லிய எலும்பை நினைப்பவர் அரிது. பாடபுத்தகங்கள் அதைப் பிபுலா என்கின்றன. ரோமர்கள் மேலாடையைச் செருகிக்கொள்ள உபயோகித்த ஊக்குக்கும் லத்தீனில் அதுவே பெயர்.

ஆயக்குடி, திண்டுக்கல் சீமையின் பாளையப்பட்டுகளில் ஒன்று. 1792-ஆம் வருஷத்து ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் அச்சீமை கும்பினியார் வசமான பிறகும் நெடுங்காலம், குதிரையிலிருந்து விழுந்தவனுக்கும் மரமேறித் தவறியவனுக்கும் இத்தகைய ஊர்களில் கதி, மூங்கில் பத்தையும் துணியும் உளுந்துமாவும் முட்டை வெண்கருவும் கொண்டு கட்டுப்போடும் நாட்டு வைத்தியனே. திருப்பதி போகும் வழியிலுள்ள புத்தூரில் 1881-இல் கேசவராஜு என்பவர் தொடங்கியதாகச் சொல்லப்படும் கட்டு வைத்தியத்தை நாடி இன்றும் தமிழர் போய்வருகிறார்கள்.

இந்த வைத்தியர்களின் கீர்த்திக்குத் துணையெலும்பும் ஒரு காரணம் என்று நான் கருதுகிறேன். தேகத்தின் பாரத்தில் மிகச் சொற்பமான பாகத்தையே அது தாங்குவதால், நடுப்பகுதியில் அது மட்டும் முறிந்தவன் நொண்டியபடியேனும் நடந்து வந்துவிடுவான். பக்கத்துப் பெரிய எலும்பே இயற்கையான பத்தையாக நின்று காப்பதால், முறிவும் பெரும்பாலும் தானே கூடிவிடும். இதனால் வைத்தியனின் கைத்திறனை நான் குறைத்துச் சொல்லவில்லை. எக்ஸ்ரே இல்லாத காலத்தில் விரல் நுனியாலேயே முறிவின் ஸ்தானத்தை அறிந்த ஞானம் சாமானியமானதன்று.

ஆயினும் கணுவருகே அது முறிந்தால் விஷயம் வேறு. மூட்டே நிலைகுலைந்து பாதம் ஒருபுறம் சாய்ந்துவிடும் அவ்விபத்தை, பதினெட்டாம் நூற்றாண்டில் லண்டன் ரணவைத்தியர் பெர்சிவல் பாட் விவரித்தார். அவர் பெயராலேயே அது நெடுநாள் வழங்கிற்று. மேல்முனையிலோ வேறோர் அபாயம் உண்டு: முழங்காலுக்குச் சற்றுக் கீழே, எலும்பின் கழுத்தைச் சுற்றி, தோலுக்கு வெகு அருகில் ஓடும் நரம்பின்மேல் கட்டு இறுகிவிட்டால், எலும்பு கூடிய பின்னும் பாதத்தை மேலே தூக்க இயலாமல் மனிதன் இழுத்து நடக்க நேரும்.

இறுக்கத்தைப் பற்றிய இந்த எச்சரிக்கை நமக்குப் புதிதன்று. இலுப்பை, அத்தி, அரசு முதலியவற்றின் பட்டைகளையும் மூங்கிலையும் பத்தைக்கு விதித்த சுசுருத சம்ஹிதை, கட்டுத் தளர்ந்தால் சந்தி நிலைபெறாது, இறுகினால் வீக்கமும் வேதனையும் சீழும் உண்டாகும் என்று சொல்லி, குளிர்காலத்தில் ஏழு நாளுக்கு ஒருமுறையும், மிதமான பருவத்தில் ஐந்து நாளுக்கு ஒருமுறையும், வெயில் காலத்தில் மூன்று நாளுக்கு ஒருமுறையும் அவிழ்த்துக் கட்டவேண்டுமென வகுத்திருக்கிறது. ஆயக்குடியின் சித்திரை வெயிலுக்கு மூன்றாம் நாள் கணக்குத்தான் பொருந்தும்.