வெர்டி கேட்ட உடையும் வெனிஸ் தந்த உடையும்

சென்ற பள்ளி விடுமுறையில் ‘லா திராவியாத்தா’ என்னும் இத்தாலிய ஓபராவைக் குறுவட்டில் கண்டேன். 2005-ஆம் ஆண்டு ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் இசைவிழாவில் வில்லி டெக்கர் என்னும் இயக்குநர் புதிதாக மேடையேற்றியது அது. முதல் பத்து நிமிடங்களில் எனக்குக் கோபமே வந்தது. பாரிஸ் மாளிகையைக் காணோம், சரவிளக்கையும் காணோம். வளைந்த வெண்சுவர் ஒன்று, பெரியதொரு கடிகாரம், ஒரு சோபா. நாயகி வயலெத்தாவாகப் பாடும் அன்னா நெத்ரெப்கோ எளிய சிவப்புக் கவுனில் நிற்கிறார். சூழ நிற்கும் பாடகர் குழுவில் பெண்களும் ஆண்களைப் போலவே கறுப்புக் கோட்டு அணிந்திருக்கின்றனர். ‘பழைய நாடகத்தை இப்படியா சிதைப்பது?’ என்று முணுமுணுத்தேன். பின்னர் அதன் வரலாற்றைத் தேடிப் படித்தபோது, நான் வெர்டியின் பக்கம் நிற்கவில்லை, அவரைத் தடுத்தவர்களின் பக்கமே நின்றிருக்கிறேன் என்பது தெரிந்தது.

பாரிஸ் செல்வர்களின் ஆதரவில் வாழ்ந்த மரி துப்ளெசி என்னும் பெண் 1847-இல், 23 வயதில், காசநோயால் இறந்தாள். அவளோடு பழகிய இளைய அலெக்சாந்தர் தூமா, அவளை மனத்திற்கொண்டு 1848-இல் ஒரு புதினம் எழுதினார். அது 1852-இல் நாடகமாயிற்று. மறு ஆண்டே வெர்டி அதை ஓபராவாக்கினார். நாயகிக்கு மூலமான பெண் இறந்து ஆறே ஆண்டுகள்! ஆகவே, நடிகர்கள் அக்காலத்து உடையிலேயே தோன்ற வேண்டும் என்று அவர் விரும்பினார். வெனிஸ் நகரின் லா பெனிச்சே அரங்கத்தார் இணங்கவில்லை. கதை 1700-ஆம் ஆண்டு வாக்கில் நடப்பதாக மாற்றப்பட்டது. மேடையில் தவறு செய்பவன் பழங்கால மனிதனாக இருந்தால் எவருக்கும் உறுத்தாது. நம்மைப் போலவே உடுத்தியிருந்தால்தான் சங்கடம்.

1853 மார்ச் 6-ஆம் நாள் நடந்த முதல் அரங்கேற்றம் தோல்வியில் முடிந்தது. அதற்கு உடை மட்டுமே காரணமன்று. காசநோயால் மெலிந்து சாக வேண்டிய நாயகியாகப் பாடியவர் பருத்த உடலினர், அவையோர் நகைத்தனராம். சில திருத்தங்களுடன் 1854-இல் அதே நகரின் வேறோர் அரங்கில் ஓபரா வெற்றி பெற்றது, அப்போதும் பழங்கால உடையிலேயே.

வெர்டிக்கு இக்கதை வெறும் கதையன்று. மனைவியை இழந்த அவர், ஜுசெப்பினா ஸ்ட்ரெப்போனி என்னும் பாடகியுடன் மணமின்றி வாழ்ந்துவந்தார். ஊராரின் ஏளனப் பார்வையை இருவரும் அறிவர். 1859-இல்தான் மணம் புரிந்துகொண்டனர்.

இதையெல்லாம் அறிந்தபின் இரண்டாம் அங்கத்தை மீண்டும் பார்த்தேன். காதலன் ஆல்பிரெதோவின் தந்தை வந்து, தம் மகளின் திருமணம் தடைபடுகிறது என்று சொல்லி, மகனைவிட்டு விலகுமாறு வயலெத்தாவை வேண்டுகிறார். அவர் கொடியவர் அல்லர். மகளைப் பெற்ற தந்தை. பெற்றோர்கள் இக்காட்சியைத் தவறாமல் பார்க்கவேண்டும். அவள் இணங்குகிறாள். கறுப்புக் கோட்டுக் கூட்டம் எதற்கென்று அப்போதுதான் விளங்கிற்று. கடிகாரத்தின் அருகே தொடக்கத்திலிருந்தே ஒரு முதியவர் பேசாமல் காத்திருப்பார். அவர்தான் கடைசி அங்கத்தில் வரும் மருத்துவர்.