குலத்தொழிலும் பள்ளிக்கூடமும்

நம் சங்கம் வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில், பெற்றோர் பலர் நம்மிடம் ஒரு வினாவை எழுப்புகின்றனர். "உலகம் நாளுக்கு நாள் மாறுகிறது; பள்ளிப் படிப்பு அதற்கு ஈடு கொடுக்குமா? பத்தாம் வகுப்போடு நிறுத்தி, ஏதேனும் ஒரு கைத்தொழிலில் பிள்ளையைச் சேர்த்துவிட்டால் என்ன?" என்பதே அவ்வினா. வறுமையில் பிறந்த இக்கேள்வியை நாம் இகழ்தல் கூடாது. இதற்குரிய விடை நம் பகுதியின் வரலாற்றிலேயே இருக்கிறது.

வெள்ளாறு கடலொடு கலக்கும் நம் பரங்கிப்பேட்டை, ஒரு காலத்தில் போர்ச்சுக்கீசியரும் டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் நாடி வந்த துறைமுகம். 1830ஆம் ஆண்டளவில் ஜோசையா மார்ஷல் ஹீத் என்னும் ஆங்கிலேயர் இங்கு இரும்பாலை ஒன்றை நிறுவினார். சேலத்து மலைகளின் இரும்புத்தாது இங்குக் கொண்டுவரப்பட்டு, காட்டு மரங்களை எரித்தெடுத்த கரியால் உருக்கப்பட்டது. இங்கு உருவான இரும்பு கடல் கடந்து இங்கிலாந்துக்கும் சென்றது. ஆயினும் கரி கிடைப்பது அரிதாயிற்று. ஆலை நட்டத்தில் மூழ்கிற்று. அந்த நூற்றாண்டு முடியுமுன்னரே மறைந்தும் போயிற்று. கப்பல் வாணிகமும் குன்றியது. ஒரே தொழிலை மட்டும் அறிந்தவன், அத்தொழில் அழியும்போது என் செய்வான்?

நம் முன்னோர் அறிந்திருந்த அந்த ஒரு தொழிலும் அவர்கள் விரும்பித் தேர்ந்ததன்று. பிறப்பே அவர்களைப் பண்ணை வயலில் நிறுத்திற்று. எழுத்தறிவு அவர்க்கு மறுக்கப்பட்டிருந்தது. 1893ஆம் ஆண்டில் சென்னை அரசு, பஞ்சமர் கல்விக்கெனத் தனிச் சலுகைகள் அளிக்கும் ஆணையைப் பிறப்பித்தது. ஆணை வந்தும், ஊர்ப் பள்ளிகளின் கதவுகள் எளிதில் திறக்கவில்லை.

இந்நிலையில்தான் சுவாமி சகஜானந்தர் 1910ஆம் ஆண்டில் சிதம்பரம் வந்தார். ஆரணியை அடுத்த சிற்றூரில் 1890ஆம் ஆண்டு பிறந்த அவர், திண்டிவனத்தில் கிறித்தவ சமயத்தார் நடத்திய பள்ளியில் பயின்றவர். பின்னர் சென்னை வியாசர்பாடியில் கரபாத்திர சுவாமிகளிடம் சீடராகித் தமிழும் தத்துவமும் கற்றவர். 1916ஆம் ஆண்டில் அவர் தொடங்கிய பள்ளிக்கு இட்ட பெயர் நந்தனார் பள்ளி. கோபாலகிருஷ்ண பாரதியார் படைத்த சரித்திரத்தில், தில்லை காண ஆண்டையிடம் அனுமதி வேண்டி நின்றவர் நந்தனார். எந்த ஆண்டையின் அனுமதியும் வேண்டாத இடமாக அவர் பெயரிலேயே ஒரு பள்ளி எழுந்தது!

அங்கு விடுதியும் அமைந்தது. இதன் பொருளை இளைஞர்கள் உணர வேண்டும். பிள்ளை வயலுக்குப் போனால் அன்றைய கூலி நெல் வீடு வரும். பள்ளிக்குப் போனால் அது நின்றுபோகும். உணவும் உறைவிடமும் தந்த பின்னரே ஏழையின் பிள்ளைக்குப் புத்தகம் கைக்கு எட்டிற்று. 1959ஆம் ஆண்டு மறையும்வரை சட்டமன்றத்திலும் சுவாமிகள் நம் மக்களுக்காக வாதாடினார்.

1953ஆம் ஆண்டில் கல்விக்கு ஒரு சோதனை வந்தது. முதலமைச்சர் இராஜாஜி, சிற்றூர்த் தொடக்கப்பள்ளி மாணவர் நாளில் மூன்று மணி நேரம் மட்டும் படித்து, எஞ்சிய பொழுதில் பெற்றோரின் தொழிலைப் பழகும் திட்டத்தைக் கொணர்ந்தார். பள்ளிகளும் ஆசிரியர்களும் போதவில்லை என்பதும், உழைப்பின் மதிப்பைப் பிள்ளைகள் உணர வேண்டும் என்பதும் அவர் தரப்பு வாதம். மக்களோ அதனைக் குலக்கல்வி என்று பெயரிட்டு எதிர்த்தனர். 1954ஆம் ஆண்டில் காமராசர் முதலமைச்சரானதும் அது கைவிடப்பட்டது. 1956ஆம் ஆண்டில் மதிய உணவுத் திட்டம் தொடங்கியது.

அதே 1956ஆம் ஆண்டில்தான், நம்மிடமிருந்து தொலைவில் இல்லாத நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தோன்றியது. அரைநாள் படித்து, அரைநாள் ஏர் பிடிக்க மட்டும் பழகிய சிறுவன், அந்தப் புதிய வேலைகளுக்கு எங்ஙனம் தகுதி பெற்றிருப்பான்? இன்றோ அந்த வயல் வேலையும் சுருங்கிவிட்டது. பல ஆட்கள் பல நாள் அறுத்த நெல்லை அறுவடை இயந்திரம் சில மணி நேரத்தில் அறுத்து முடிக்கிறது. நிலைத்தது என்று சொல்லி நம்மீது சுமத்தப்பட்ட தொழிலே நிலைக்கவில்லை!

ஆகவே, வருங்காலத்தில் எத்தொழில் இருக்கும் என்று முன்கூட்டியே அறிந்து கற்பிக்கப் பள்ளியால் இயலாது. புதியதொன்று வரும்போது அதைத் தானே கற்றுக்கொள்ளும் ஆற்றலை அளிப்பதே பள்ளியின் கடமை. இன்றைய பள்ளிகள் இக்கடமையை முழுமையாகச் செய்கின்றனவா? மனப்பாடம் செய்து தேர்ச்சி பெற்ற பிள்ளை, ஒரு விண்ணப்பத்தைத் தானே எழுதத் தடுமாறுவதைக் காண்கிறோம். இக்குறையை மறைப்பதில் பயனில்லை. ஆனால் குறையுள்ள பள்ளியைத் திருத்த வேண்டுமேயன்றி, பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்துதல் தீர்வாகாது.

கைத்தொழில் இழிவானதன்று. விரும்பும் மாணவன் தொழிற்பயிற்சி நிலையத்தில் சேரட்டும். அவன் பிறந்த தெருவைப் பார்த்து, 'உனக்கு இது போதும்' என்று மற்றொருவர் முடிவு செய்வதைத்தான் நாம் ஏற்கலாகாது.

இளைஞர்களே! கல்லூரி கண்ட நீங்கள் மாலையில் ஒரு மணி நேரம் நம் தெருப் பிள்ளைகளோடு அமருங்கள். கணக்கும் அறிவியலும் ஆங்கிலமும் பொருள் விளங்கும்படி சொல்லிக்கொடுங்கள். பள்ளியில் நூலகம் திறந்திருக்கிறதா, ஆய்வுக்கூடம் இயங்குகிறதா என்று பெற்றோரோடு சென்று கேளுங்கள். 1916ஆம் ஆண்டில் ஒரு துறவி திறந்த கதவு மூடாதிருக்கக் காவல் நிற்பது இனி உங்கள் பொறுப்பு.