105-க்கு மேல ஏறாத லாரி: ஒன்டாரியோ வழக்கு

கனடாவில ஒன்டாரியோ, கியூபெக் ரெண்டு மாகாணங்கள்லயும் 2009 ஜனவரி 1 முதல் ஒரு சட்டம் வந்தது. பெரிய லாரிகள் மணிக்கு 105 கிலோமீட்டரைத் தாண்ட முடியாதபடி பூட்டி வைக்கணும். புதுக் கருவி எதுவும் வேண்டாம். எஞ்சினைக் கட்டுப்படுத்துற கம்ப்யூட்டர்ல ஒரு எண்ணை மாத்தினா போதும்.

சட்டத்தை வரவேற்றது ஒன்டாரியோ டிரக்கிங் அசோசியேஷன், அதாவது லாரி கம்பெனிகளோட சங்கம். டீசல் மிச்சம், விபத்தும் குறையும்னாங்க. எதிர்த்தது சொந்த வண்டி ஓட்டுறவங்க. சுத்தி கார்கள் வேகமா போகும்போது நாங்க மட்டும் மெதுவா போறதுதான் ஆபத்து, சில நேரம் தப்பிக்க பிரேக்கை விட வேகம்தான் உதவும்னாங்க. கணக்குப் போட்டுப் பாருங்க: 105-ல போற லாரி 103-ல போறதை முந்த 60 மீட்டர் கூடுதலா கடக்கணும்னா, கிட்டத்தட்ட 2 நிமிஷம் ஆகும். அதுவரை ரெண்டு லேனும் அடைப்பு.

அதே 2009-ல ஒரு டிரைவர் மாட்டினார். அவர் வண்டியில செட் பண்ணியிருந்தது 109.4. அபராதத்தைக் கட்டாம கோர்ட்டுக்குப் போனார். 2012-ல ஜெயிச்சார், 2014-ல அப்பீல்ல தோத்தார். 2015-ல மாகாண மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னதுதான் முக்கியம். இந்தச் சட்டம் டிரைவரோட உயிர்ப் பாதுகாப்பு உரிமையை மீறுது, உண்மைதான். ஆனா மொத்தமா எல்லாரோட பாதுகாப்புக்காக அந்த மீறலை நியாயப்படுத்தலாம்.

ஆக, டிரைவர்கள் சொன்ன ஆபத்து பொய்யில்லைன்னு கோர்ட்டே ஒத்துக்கிட்டது. சட்டமும் அப்படியே நின்னது.