விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தில் ஊர்ப்பணி நிதி

ஒரு பள்ளிக்குச் சுற்றுச்சுவர், ஏரிக்கு மதகு, சுடுகாட்டுக்குப் பாதை, அங்கன்வாடிக்குக் கூரை போன்ற சிறு வேலைகளுக்காக ஊர் மக்கள் கேட்டுப் பெறும் பொதுப்பணமே ஊர்ப்பணி நிதி. அரசின் பெருந்திட்டங்களிலிருந்து இது ஒரு வகையில் வேறுபடும். நெடுஞ்சாலை யாரும் கேட்காமலே வரும். ஊர்ப்பணி நிதிக்கு யாராவது மனு எழுத வேண்டும், தீர்மானம் போட வேண்டும், பல நேரங்களில் கையிலிருந்து ஒரு பங்கும் கட்ட வேண்டும். விழுப்புரம் மாவட்டத்தில் 13 ஊராட்சி ஒன்றியங்களும் 688 கிராம ஊராட்சிகளும் இருக்கின்றன. கள்ளக்குறிச்சி 2019இல் தனி மாவட்டமாகப் பிரியும் முன், 2011 கணக்கெடுப்பின்படி, இங்கே நகரங்களில் வாழ்ந்தோர் நூற்றுக்கு 15 பேர்தான். பட்டியல் சாதியினர் ஏறக்குறைய 29 விழுக்காடு. இத்தகைய மாவட்டத்தில் எந்த ஊர் கேட்கிறது, எந்தத் தெரு கேட்க முடியாமல் நிற்கிறது என்பதே நிதியின் கதையை முடிவு செய்கிறது.

ஊர்ப்பணிக்கு நிதி ஒதுக்குவது இந்த மண்ணுக்குப் புதிய வழக்கமல்ல. விக்கிரவாண்டி வட்டாரத்திலுள்ள எண்ணாயிரம் என்ற ஊரின் கல்வெட்டு, முதலாம் இராசேந்திர சோழன் காலத்தில் அங்கே நடந்த கல்லூரியைப் பற்றிப் பேசுகிறது. 340 மாணவர்கள், 14 ஆசிரியர்கள், அவர்கள் செலவுக்காக ஊர்ச்சபை ஒதுக்கிய 45 வேலி நிலம் என்று கணக்கு துல்லியமாக வெட்டப்பட்டிருக்கிறது. விழுப்புரத்தை ஒட்டிய திருவாமாத்தூர்க் கோயிலின் சோழர் காலக் கல்வெட்டு இன்னும் நெஞ்சைத் தொடும். பார்வையற்ற 16 பேர் அங்கே திருப்பதியம் பாடவும், அவர்களைக் கைபிடித்து அழைத்துவர இருவர் இருக்கவும் மானியம் விடப்பட்டது. பாடுவோருக்கு மட்டும் கொடுத்து நிறுத்தாமல் வழிகாட்டிகளின் கூலியையும் திட்டத்தில் சேர்த்த அந்தக் கவனம், இன்றைய மாற்றுத்திறனாளர் திட்டங்கள் பலவற்றிலும் காணக்கிடைக்காதது. ஆனால் எண்ணாயிரத்துக் கல்லூரி வேதம் ஓதும் வகுப்பாருக்கானது. சபையில் இடம் பெற்றவர்களுக்கே சபையின் கொடையும் போய்ச் சேர்ந்தது.

ஏரிகளின் கதை வேறு. வயலுள்ளவர்கள் ஆளுக்கொரு பங்கு உழைப்பைக் கொடுத்து வாய்க்கால் தூர்வாரும் குடிமராமத்து, பிரிட்டிஷ் ஆட்சியில் தேய்ந்தது. 1858இல் சென்னை மாகாணத்துக்கெனக் கட்டாய உழைப்புச் சட்டம் ஒன்றே கொண்டுவரப்பட்டும் அந்த ஏற்பாடு பழைய உயிரைப் பெறவில்லை. தமிழக அரசு 2017இல் அதே பெயரில் திட்டத்தை மீண்டும் தொடங்கியபோது விதி எளிமையாக இருந்தது. பாசனதாரர் சங்கம் பத்தில் ஒரு பங்கைப் பணமாகவோ பொருளாகவோ உழைப்பாகவோ தர வேண்டும், மீதியை அரசு தரும், வேலையைச் சங்கமே செய்யும். சங்கம் உயிரோடு இருந்த இடங்களுக்கு இது பொருந்திவந்த ஏற்பாடு. பெயரளவில் இருந்த இடத்தில் விவசாயிகளின் பெயரை வைத்து ஒப்பந்ததாரர் வேலை செய்ய வழி பிறந்தது. 2024 டிசம்பர் 1 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில், பெஞ்சல் புயலின்போது, திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் 50 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. அப்படிப்பட்ட நாளில் ஓர் ஏரியின் கரையும் கலிங்கும் என்ன நிலையில் இருக்கின்றன என்பது, அதற்கு முன் வந்த கோடைகளில் அதற்காக யார் பணம் கேட்டார்கள் என்பதைப் பொறுத்தே அமையும்.

இன்று நடைமுறையிலுள்ள ஊர்ப்பணி நிதிகளில் ஊர் மக்களின் பங்கை வெளிப்படையாகக் கேட்பது நமக்கு நாமே திட்டம். மு. கருணாநிதி முதல்வராக இருந்தபோது 1997-98இல் தொடங்கியது. 2011இல் ஆட்சி மாறியபின் தன்னிறைவுத் திட்டம் என்ற பெயரில் அதே வடிவம் தொடர்ந்தது. 2021-22இல் பழைய பெயர் திரும்பியது, ஊரகப் பகுதிகளுக்கு 100 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. வேலையின் மதிப்பீட்டில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கை மக்கள் தர வேண்டும். தனியொருவரும் தரலாம், சங்கமோ நிறுவனமோ தரலாம். பணத்தை வரைவோலையாக மாவட்ட நிர்வாகத்திடம் முன்கூட்டியே கட்ட வேண்டும், பிறகே ஆட்சியரின் நிர்வாக அனுமதி. பாதிக்கு மேல் கொடுப்பவர்கள் வேலையைத் தாங்களே எடுத்தும் செய்யலாம். வகுப்பறை, ஆய்வகம், கழிப்பறை, நூலகம், சுகாதார நிலையம், கால்நடை மருந்தகம், சிறுபாலம், குளம் தூர்வாருதல் எல்லாம் இதில் வரும். வழிபாட்டிடங்களுக்கு இடமில்லை. கட்டி முடித்த சொத்து ஊராட்சிக்கோ அரசுக்கோ சேரும்.

நூறு கோடி பெரிய தொகையாகத் தெரியலாம். மாநிலத்தில் அப்போதிருந்த 12,525 கிராம ஊராட்சிகளுக்கும் சமமாகப் பிரித்தால் ஒன்றுக்கு 80,000 ரூபாய்கூட வராது. ஆனால் இது சமமாகப் பிரிக்கப்படும் பணமே அல்ல. முதலில் தன் பங்கைக் கட்டுபவரே முதலில் பெறுகிறார். சென்னையிலோ வளைகுடாவிலோ சம்பாதிக்கும் பிள்ளைகளைப் பெற்ற ஊர், பழைய மாணவர் சங்கம் உள்ள பள்ளி, செல்வாக்குள்ள ஒரு குடும்பம், இவற்றில் ஒன்று இருந்தால் மூன்றில் ஒரு பங்கு ஒரு வாரத்தில் சேர்ந்துவிடும். இல்லாத ஊரில் மதிப்பீடு போட ஆளைத் தேடுவதற்கே மாதம் ஓடிவிடும்.

பங்கு திரட்டுவது நம் கிராமங்களுக்குத் தெரியாத கலை அல்ல. தேர்த் திருவிழாவுக்கும் கூத்துக்கும் தலைக்கட்டு வரி போட்டு, வீட்டுக்கு இவ்வளவு என்று வசூலித்து, வரவு செலவை எல்லோர் முன்னும் படிக்கும் பழக்கம் இந்த வட்டாரத்தில் இன்றும் இருக்கிறது. அந்த நோட்டுப் புத்தகமே ஒரு நல்ல தணிக்கை. ஆனால் ஊர் தனி, காலனி தனி என்றுதான் தலைக்கட்டுகள் எண்ணப்படுகின்றன. ஊர்ப்பக்கம் நிலமுள்ளவர்களின் வசூல். காலனிப் பக்கம் கூலிக்குப் போகிறவர்களின் வசூல். இரண்டு பக்கத்துக்கும் ஒரே மூன்றில் ஒரு பங்கு என்றால் எந்தத் தெருவுக்கு முதலில் சிமெண்டு சாலை வரும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. இதை உணர்ந்துதான் ஆதிதிராவிடரும் பழங்குடியினரும் மிகுதியாக வாழும் குடியிருப்புகளுக்கு மக்கள் பங்கு ஐந்தில் ஒன்றாகக் குறைக்கப்பட்டது. திட்டத்தின் மிக நியாயமான விதி இது, மிகக் குறைவாகப் பேசப்படும் விதியும் இதுதான்.

மக்கள் பங்கு கேட்காத நிதிகளும் உண்டு. 1993 டிசம்பரில் தொடங்கிய நாடாளுமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டுத் திட்டத்தில் ஓர் உறுப்பினருக்கு ஆண்டுக்கு 5 கோடி. உறுப்பினர் பரிந்துரைப்பார், மாவட்ட நிர்வாகம் நிறைவேற்றும். விழுப்புரம் நாடாளுமன்றத் தொகுதியில் ஆறு சட்டமன்றத் தொகுதிகள். இதே மாவட்டத்தின் செஞ்சியும் மயிலமும் ஆரணி நாடாளுமன்றத் தொகுதிக்குள் போய்விட்டதால், அங்குள்ள ஓர் ஊராட்சி மனுவை வேறொரு உறுப்பினரிடம் கொண்டுபோக வேண்டும். சட்டமன்ற உறுப்பினர்களுக்கு ஆண்டுக்கு 3 கோடி ரூபாய் தொகுதி நிதி. 2006 முதல் 2011 வரை நடந்த அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டம் ஒவ்வோர் ஊராட்சிக்கும் 20 லட்சம் என்று வைத்தது. கேட்டாலும் கேட்காவிட்டாலும் அதில் எல்லா ஊராட்சிக்கும் முறை வந்தது.

கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதி விழுப்புரத்துக்குப் பெரிய வரவாக அமையாததற்குச் சட்டத்திலேயே காரணம் இருக்கிறது. 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம், குறிப்பிட்ட அளவுக்கு மேல் வளர்ந்த நிறுவனங்கள் மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது. தாம் இயங்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தரவும் சொல்கிறது. ஆலைகள் திரண்டிருப்பது ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரகடத்திலும். நெல்லும் கரும்பும் மணிலாவும் விளைகிற மாவட்டத்துக்கு அந்தப் பணம் எப்படி வந்து சேரும்? திண்டிவனம் சிப்காட் வளாகம் நிரம்பும்போது இந்த நிலை கொஞ்சம் மாறலாம்.

கொடை எங்கே போகிறது என்பதற்குத் திண்டிவனமே உலகறிந்த ஓர் எடுத்துக்காட்டைத் தந்திருக்கிறது. 1890களின் தொடக்கத்தில், அமெரிக்க ஆற்காடு மிஷனைச் சேர்ந்த தந்தையோடு திண்டிவனத்தில் தங்கியிருந்த இளம்பெண் ஐடா ஸ்கடரிடம், ஒரே இரவில் மூன்று கணவர்கள் வந்து தங்கள் மனைவியரின் பேறுகாலத்துக்கு உதவி கேட்டார்கள். மருத்துவம் தெரியாத அவர் போக முடியவில்லை. ஆண் மருத்துவரான தந்தையை அழைத்துப்போக அவர்களுக்கு மனம் வரவில்லை. மூன்று பெண்களும் இறந்தார்கள். ஐடா அமெரிக்கா சென்று மருத்துவம் படித்து, மருத்துவமனைக்காக நிதி திரட்டினார். நியூயார்க் வங்கியாளர் ஷெல் தம் மனைவியின் நினைவாகக் கொடுத்த 10,000 டாலரில் 1902இல் மருத்துவமனை எழுந்தது. எழுந்த இடம் வேலூர். ஐடா நிதி திரட்டியபோது அவர் தந்தை வேலூரில் இருந்தார். அதன் வழியில் வளர்ந்ததே கிறித்தவ மருத்துவக் கல்லூரி. தேவை திண்டிவனத்தில் பிறந்தது. பணமோ, கேட்டவர் இருந்த ஊருக்குப் போனது.

இந்தப் போக்கைத் திருப்பிப் போட முயன்றது உலக வங்கிக் கடனில் 2005இல் தொடங்கிய புதுவாழ்வுத் திட்டம். விழுப்புரம் அதில் சேர்ந்த மாவட்டங்களில் ஒன்று. முதலில் மக்கள் நிலை ஆய்வு நடத்தி, ஊரே கூடி மிக ஏழைகள் யார் என்று பட்டியல் எடுத்தது. அவர்களுக்கு இலக்கு மக்கள் என்று பெயர். பிறகு கிராம வறுமை ஒழிப்புச் சங்கத்தின் வங்கிக் கணக்குக்கே பணம் வந்தது, செலவைக் கிராமத்தின் சமூகத் தணிக்கைக் குழு சரிபார்த்தது. கேட்பவருக்குக் கொடுக்கும் முறையை விட்டு, கேட்க முடியாதவரைத் தேடிப்போன முறை இது. கேரளம் 1996இல் மக்கள் திட்டத்தையும், பிரேசிலின் போர்த்தோ அலெக்ரி நகரம் 1989இல் மக்கள் பங்கேற்பு வரவுசெலவுத் திட்டத்தையும் தொடங்கியபோது நோக்கம் ஏறக்குறைய இதுவே: பணம் எதற்கு என்பதை அதைப் பயன்படுத்துவோரே கூடி முடிவு செய்வது.

தேடிப்போனாலும் எட்டாதவர்கள் இருக்கிறார்கள். திண்டிவனம் வட்டாரத்தின் ஏரிக்கரைகளிலும் புறம்போக்குகளிலும் வாழும் இருளர்கள் பலருக்குச் சாதிச் சான்றிதழும் மனைப்பட்டாவும் கிடைப்பதே போராட்டமாக இருந்துவருகிறது. சான்று இல்லாவிட்டால் பழங்குடிக் குடியிருப்பு என்று எந்தப் பதிவேட்டிலும் ஏறாது, ஐந்தில் ஒரு பங்கு சலுகையும் பொருந்தாது. திண்டிவனம் அரசுக் கல்லூரியில் இயற்பியல் பேராசிரியராக இருந்த பிரபா கல்விமணி, பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கத்தின் வழியே இந்த ஆவணப் போராட்டத்தைத்தான் முன்னெடுத்தார். திண்டிவனம் ரோசணையில் அவர் முயற்சியில் தொடங்கிய தாய்த்தமிழ்ப் பள்ளி மக்களின் நன்கொடையில் நடந்துவந்த பள்ளி. 2021 நவம்பரில், இருளர் வாழ்வைச் சொல்லும் ஜெய் பீம் படம் வெளியானபோது, நடிகர் சூர்யா பழங்குடி இருளர் கல்விக்கென ஒரு கோடி ரூபாயை முதல்வர் முன்னிலையில் வழங்கினார். அதற்கு முந்தைய பல ஆண்டுகளில் ஒரு சங்கம் செய்த எழுத்து வேலை இல்லாதிருந்தால் அந்தக் கோடி போய்ச்சேர முகவரியே இருந்திருக்காது. மதிப்பீடு எழுதவும் சான்று வாங்கவும் ஓர் ஆளை அமர்த்தும் செலவை எந்த ஊர்ப்பணி நிதியும் ஏற்பதில்லை. இது பெரிய குறை, திருத்த முடிந்த குறையும்கூட.

கேட்க வேண்டிய இடம் கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களில் அது கூடுகிறது. அங்கே நிறைவேறும் தீர்மானத்தின் நகல் கையில் இருந்தால் ஒன்றிய அலுவலகத்திலும் ஆட்சியர் அலுவலகத்திலும் பேச்சு எளிதாகும். சொந்த ஊருக்கு ஏதாவது செய்ய நினைக்கும் வெளியூர்வாசிகளும் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். நமக்கு நாமே திட்டத்தில் ஊர்ப்பகுதிக்கு ஒரு லட்சம் கட்டினால் மூன்று லட்சத்துக்கு வேலை நடக்கும். அதே ஒரு லட்சத்தைக் காலனிக்கோ இருளர் குடியிருப்புக்கோ கட்டினால் ஐந்து லட்சத்துக்கு நடக்கும். அடுத்த முறை பணம் அனுப்பும்போது எந்தத் தெருவின் பெயரை எழுதுவது என்று யோசியுங்கள்.