கணினியின் உறுப்புகள் இணங்கிய கதை

தோட்டத்தில் சைக்கிள் வைத்திருப்பவர்கள் அனைவரும் அறிந்த செய்தி ஒன்று உண்டு. டயர் கிழிந்துவிட்டால், சைக்கிளைச் செய்த கம்பெனியின் டயர்தான் வேண்டும் என்று யாரும் தேடி அலைவதில்லை. அளவைச் சொன்னால் பட்டணத்துக் கடைக்காரர் எடுத்துக் கொடுப்பார். வீட்டுக்குக் கொண்டுவந்து மாட்டினால் பொருந்திவிடும். டயரைச் செய்தவர் ஒருவர், சக்கரத்தைச் செய்தவர் வேறொருவர். ஒருவரை ஒருவர் பார்த்தது கூட இல்லை. ஆயினும் இருவரும் ஒரே அளவுக்குக் கட்டுப்பட்டிருக்கிறார்கள். இதையே இணக்கம் என்கிறோம்.

மேசைக் கணினிக்கு இந்த இணக்கம் எளிதில் வாய்த்துவிடவில்லை. அது வந்த வரலாற்றில் நம் பினாங்குக்கும் ஒரு பங்கு உண்டு. அந்தக் கணினியில் நம் தமிழ் எழுத்து இடம்பெற்ற வரலாறோ இன்னும் நீண்டது. நேயர்களே, இன்று அவ்விரண்டையும் சேர்த்துப் பார்ப்போம்.

பினாங்கில் 1969ஆம் ஆண்டை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஜார்ஜ் டவுன் தன் சுங்கவரியற்ற துறைமுகம் என்னும் நிலையை இழந்தது. வாணிபம் படுத்தது; வேலையில்லாத் திண்டாட்டம் பெருகியது. குடியுரிமை பெறாத தோட்டத் தொழிலாளர் பலர் வேலை உரிமம் கிடைக்காமல், பினாங்குத் துறைமுகத்தில் ரஜூலா கப்பலேறித் தமிழகம் திரும்பிய காலமும் அதுவே. அவ்வாண்டு முதலமைச்சரான டாக்டர் லிம் சோங் யூ, வெளிநாட்டுத் தொழிற்சாலைகளை அழைத்துவர முனைந்தார். 1972இல் நாட்டின் முதல் தடையற்ற வாணிப மண்டலம் பாயான் லெப்பாசில் திறக்கப்பட்டது. அமெரிக்காவின் இன்டெல் நிறுவனம், தன் நாட்டுக்கு வெளியே தனது முதல் தொழிற்சாலையை அதே ஆண்டில் அங்கே அமைத்தது.

அங்கே நடந்த வேலை என்ன? கணினிக்கு மூளை போன்றது ஒரு சில்லு. விரல் நகத்தின் அளவுதான் இருக்கும். அதன் நுண்ணிய மின்பாதைகளை அமெரிக்காவில் பொறித்துத் தட்டுகளாக அனுப்புவார்கள். பினாங்கில் அத்தட்டை அறுத்துத் தனித்தனிச் சில்லுகளாகப் பிரிப்பார்கள். பின்னர் மயிரிழையினும் மெல்லிய கம்பியால் சில்லையும் அதன் கால்களையும் இணைத்து, கூட்டில் அடைத்து, சோதித்து அனுப்புவார்கள். தொடக்கக் காலத்தில் உருப்பெருக்கியில் கண்ணை வைத்து இந்தக் கம்பியைப் பூட்டியவர்கள் பெரும்பாலும் இளம்பெண்கள். கம்பங்களிலிருந்து வந்த மலாய்ப் பெண்களே அதிகம். சீனப் பெண்களும் நம் பெண்களும் அவர்களோடு இருந்தனர். 1985இல் பினாங்குப் பாலம் திறக்கும் வரையில் அக்கரையிலிருந்து வந்தவர்களுக்குப் படகுதான் வழி. இரவு முறை முடிந்து பொழுது விடியும் வேளையில் வீடு திரும்பிய அக்காமார்களின் சிவந்த கண்களைப் பற்றி எந்தக் கணினி வரலாற்று நூலும் விரிவாக எழுதவில்லை. ஆனால் உலகெங்கும் போன இன்டெல் சில்லுகள் பலவற்றின் மீது மலேசியாவின் பெயர் அச்சிடப்பட்டிருந்தது.

இனி, அந்தச் சில்லு போய்ச் சேர்ந்த பெட்டிக்கு வருவோம். 1981 ஆகஸ்டு 12ஆம் நாள் ஐ.பி.எம். நிறுவனம் தன் மேசைக் கணினியை வெளியிட்டது. அதற்கு முன்பும் சிறு கணினிகள் இருந்தன. ஒன்றின் நிரல் மற்றொன்றில் பெரும்பாலும் ஓடாது. ஐ.பி.எம். அவசரத்தில் இருந்தது. ஆதலால் எல்லாவற்றையும் தானே செய்யாமல், கடையில் கிடைத்த உறுப்புகளையே பெரும்பாலும் வாங்கிப் பூட்டியது. மூளையாக இன்டெல்லின் 8088 சில்லு. அதில் இருந்த மின்பொறிகள் ஏறத்தாழ 29,000. இயக்கும் மென்பொருள் மைக்ரோசாப்டினுடையது. பிறர் அதற்கு அட்டைகள் செய்யட்டும் என்று உள்ளமைப்பின் விவரங்களையும் நூலாக அச்சிட்டு விற்றது.

ஒன்றே ஒன்றைத்தான் அது தனக்கென்று வைத்துக்கொண்டது. விசையை அழுத்தியதும் முதலில் விழித்துக்கொண்டு, வன்பொருளுக்கும் மென்பொருளுக்கும் நடுவே நின்று பேசுகின்ற சிறு நிரல் அது. பயாஸ் என்று பெயர். அதைப் படி எடுப்பது சட்டப்படி குற்றம். அது இல்லாமலோ ஐ.பி.எம். கணினிக்கு எழுதிய நிரல்கள் வேறு கணினியில் சரிவர ஓடா.

1982இல் தோன்றிய காம்பாக் என்னும் புதிய நிறுவனம் இதற்கு ஒரு வழி கண்டது. ஒரு குழுவினர் ஐ.பி.எம். நிரலைப் படித்து, அது என்னென்ன செய்கிறது என்பதை மட்டும் எழுதி வைத்தார்கள். அந்த நிரலைக் கண்ணாலும் காணாத மற்றொரு குழுவினர், அக்குறிப்பை மட்டும் பார்த்துப் புதிதாக ஒரு நிரல் எழுதினார்கள். ஒரு வீட்டுக் குழம்பின் ருசியைக் கேட்டறிந்து, அந்த அடுப்படிக்குள் நுழையாமலே அதே ருசியில் குழம்பு வைப்பது போன்றது இது. பிறகு 1984இல் பீனிக்ஸ் நிறுவனம் இத்தகைய நிரலை எழுதி, கேட்டவருக்கெல்லாம் விற்கத் தொடங்கியது. இணக்கக் கணினிகள் பெருகின, விலை இறங்கியது. புதிதாய் வந்த கணினி உண்மையில் இணக்கமானதா என்று சோதிக்க, லோட்டஸ் கணக்கு நிரலையும், மைக்ரோசாப்டின் விமானம் ஓட்டும் விளையாட்டையும் போட்டுப் பார்ப்பது அக்கால வழக்கம். இரண்டும் ஓடினால் தேறிவிட்டது என்று பொருள்.

விலை இறங்கியதனால்தான் நம்மைப் போன்றவர்களின் பிள்ளைகள் கணினியைத் தொட முடிந்தது. 1980களின் இறுதியிலும் 1990களிலும் உறுப்பு உறுப்பாக வாங்கி வந்து வீட்டிலேயே பூட்டிய இளைஞர்கள் உண்டு. பூட்டிவிட்டால் ஓடிவிடுமா என்றால் அதுதான் இல்லை.

தோட்டத்தில் காலைப் பெரட்டில் ஒவ்வொருவருக்கும் நிரை பிரித்துக் கொடுப்பதை நாம் அறிவோம். தப்பித் தவறி ஒரே நிரையை இருவருக்குக் கொடுத்துவிட்டால், மரத்தடியில் இருவரும் வாளியோடு நின்று சச்சரவு செய்வார்கள். அன்று பால் ஒழுங்காக வந்து சேராது. கணினிக்குள்ளும் அப்படியே. ஒவ்வோர் உறுப்பும் மூளையைக் கூப்பிட ஓர் எண் வைத்திருக்கிறது. 1984க்குப் பின் வந்த கணினிகளில் அவ்வெண்கள் மொத்தம் 16. அவற்றுள் பல, கடிகாரத்துக்கும் விசைப்பலகைக்கும் வட்டுக்கும் முன்பே போய்விட்டன. ஒலி அட்டை ஒன்று வாங்கிச் செருகினால், அது 7ஆம் எண்ணைக் கேட்கும். அதுவோ அச்சுப்பொறியின் எண். சுட்டி ஓர் எண்ணில் இருக்க, தொலைபேசி வழியே செய்தி அனுப்பும் மோடமும் அதே எண்ணில் அமர்ந்துவிட்டால், மோடம் பேசத் தொடங்கியதும் சுட்டி அசையாமல் நின்றுவிடும். பெட்டியைக் கழற்றி, அட்டையில் உள்ள இரண்டு ஊசிகளின் மேல் மாட்டியிருக்கும் குட்டித் தொப்பியைப் பிடுங்கி, வேறு ஊசிகளில் மாட்டிப் பார்க்க வேண்டும். சரிவரவில்லையென்றால் மறுபடியும் கழற்ற வேண்டும். பள்ளியில் கற்றதைவிட இந்தத் தொப்பியிடம் கற்றதே அதிகம் என்று சொல்லும் பொறியாளர்களை நாம் கண்டிருக்கிறோம். 1995இல் வந்த விண்டோஸ் 95, எண்களைக் கணினியே பங்கிட்டுக்கொள்ளும் முறையைப் பரவலாக்கியது. முதலில் அது தடுமாறியது; பிறகு தேறிக்கொண்டது.

இதுவரை சொன்னது ஆங்கிலத்தில் வேலை செய்தவரின் தொல்லை. தமிழில் எழுத விரும்பியவருக்கு இதற்குமேல் மற்றொரு தொல்லை இருந்தது.

ஆங்கில எழுத்துகளின் வடிவம் கணினிக்குள்ளேயே பதிக்கப்பட்டு வந்தது. தமிழுக்கு அப்படி ஒன்றும் இல்லை. ஒவ்வோர் எழுத்தையும் புள்ளி புள்ளியாகத் திரையில் வரைய வேண்டும். அதற்கு எந்தத் திரை அட்டை பூட்டியிருக்கிறது என்பதை நிரல் அறிந்திருக்க வேண்டும். ஓர் அட்டை உயரத்தில் 200 புள்ளி காட்டும். மற்றொன்று 348 காட்டும். ஒன்றில் அழகாக நின்ற ‘ழ’ மற்றொன்றில் நசுங்கிப்போகும். இந்தச் சூழலில்தான், கவிஞர் முரசு நெடுமாறனின் மைந்தர் முத்து நெடுமாறன், 1985 வாக்கில் முரசு என்னும் தமிழ் மென்பொருளை நம் நாட்டிலேயே உருவாக்கினார். கனடாவில் கு. சீனிவாசனின் ஆதமி, சுவிட்சர்லாந்தில் கு. கல்யாணசுந்தரத்தின் மயிலை எழுத்துரு என்று வேறு முயற்சிகளும் எழுந்தன. ஊதியம் எதிர்பாராமல் உழைத்தவர்கள் இவர்களுள் பலர்.

ஆயினும் ஒரு குறை இருந்தது. அக்கால எழுத்துருவில் 256 இடங்களே உண்டு. அவற்றுள் முதற்பாதி ஆங்கிலத்துக்கு. எஞ்சிய 128 இடங்களில் நம் 247 எழுத்துகளை அப்படியே வைக்க முடியாது. கொம்பு தனியே, கால் தனியே எனப் பிரித்து வைக்க வேண்டும். எதை எங்கே வைப்பது? ஒவ்வொருவரும் தமக்குத் தோன்றிய இடத்தில் வைத்தார்கள். அதன் விளைவு, கோலாலம்பூரில் படிக்கும் மகள் தமிழில் எழுதி அனுப்பிய மடலைப் பினாங்கில் வேறோர் எழுத்துரு உள்ள கணினியில் திறந்தால், தலையில் குடையும் காலில் கொக்கியும் முளைத்த ஐரோப்பிய எழுத்துகளே திரை நிறையக் கிடந்தன. ஐ.பி.எம்.முக்கு எதிராக நின்ற போட்டி நிறுவனங்களே ஒரே அமைப்புக்கு இணங்கிவிட்ட காலத்தில், ஒரே மொழி பேசும் நாம் ‘அ’வை எந்த இடத்தில் வைப்பது என்று இணங்காமல் இருந்தோம். இது வருந்தத்தக்கதே.

1997இல் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி முன்னின்று நடத்திய மாநாட்டில் இதைப் பற்றி வெளிப்படையாகப் பேசினார்கள். 1999இல் சென்னை மாநாட்டில் தமிழக அரசு ‘தாம்’, ‘தாப்’ என்னும் இரு குறியீட்டு முறைகளையும், தமிழ்99 என்னும் விசைப்பலகையையும் ஏற்றது. அயல்நாட்டுத் தமிழரிடையே ‘திஸ்கி’ என்னும் மற்றொரு முறை பரவியது. விதி வந்தும் பிரிவு தீரவில்லை. 2000இல் உத்தமம் என்னும் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் தோன்றியது. மறு ஆண்டின் மாநாடு கோலாலம்பூரில் கூடியது.

இதற்கிடையே உலக மொழிகள் அனைத்துக்கும் தனித்தனி இடம் தரும் யூனிகோடு முறை வளர்ந்து வந்தது. 1991இல் வெளிவந்த அதன் முதற் பதிப்பிலேயே தமிழுக்கு 128 இடங்கள் ஒதுக்கப்பட்டிருந்தன. அந்த ஒதுக்கீடு தமிழுக்கு ஏற்றதன்று, உயிர்மெய் எழுத்துகளுக்கு முழு இடம் வேண்டும் என்று வாதிட்டவர்கள் உண்டு. அவர்கள் சொன்னதில் நியாயமும் இருந்தது. ஆனால் விண்டோஸ் 2000 முதலிய மென்பொருள்கள் யூனிகோடு தமிழைத் தாமே காட்டத் தொடங்கியபின் உலகம் அப்பக்கம் சாய்ந்துவிட்டது. கைப்பேசியில் தமிழில் எழுத உதவும் செல்லினத்தை முத்து நெடுமாறன் 2005இல் வெளியிட்டார். 2010இல் தமிழக அரசும் யூனிகோட்டை ஏற்று ஆணையிட்டது. இன்று தோட்டத்துப் பாட்டி கைப்பேசியில் பார்க்கும் ‘வணக்கம்’ எந்த ஊரில், எந்தக் கம்பெனிக் கருவியில் எழுதப்பட்டதாயினும் வணக்கமாகவே வந்து சேர்கிறது.

பழைய வட்டுகளில் கிடக்கும் ஏடுகளுக்கு மட்டும் இந்த வசதி தானாக வராது. கோயில் திருவிழாக் கணக்கு, தமிழ்ப்பள்ளி ஆண்டு மலர், தாத்தா சொல்லப் பேரன் தட்டெழுதிய குடும்ப வரலாறு எனப் பல அவ்வாறு பூட்டிக் கிடக்கின்றன. அத்தகைய வட்டு வைத்திருப்பவர்கள் அதைத் தூக்கி எறிந்துவிட வேண்டாம். எந்த எழுத்துருவில் அது தட்டெழுதப்பட்டது என்பதை அன்று எழுதியவரிடம் கேட்டு, உறையின் மீதே குறித்து வையுங்கள். அந்தப் பெயர் தெரிந்தால் யூனிகோடுக்கு மாற்றித் தரும் மென்பொருள்கள் இருக்கின்றன.