கிளைகளில் அடங்காத குரல்: ஸ்டீவ் கிரிம்மெட்டும் பிரிட்டிஷ் ஹெவி மெட்டல் வரலாறும்

ஹெவி மெட்டல் பற்றிய கல்விப்புல ஆய்வின் முன்னோடிகளுள் ஒருவர் டீனா வைன்ஸ்டைன். 1991இல் வெளிவந்த அவரது ‘ஹெவி மெட்டல்: எ கல்ச்சுரல் சோஷியாலஜி’ என்னும் நூலின்படி, 1980களின் தொடக்கம் வரை ஏறத்தாழ ஒரே ஓட்டமாக வந்த இவ்விசை அப்பத்தாண்டின் நடுவில் பிளவுபடுகிறது. மெட்டு இனிமையைப் பேணிய லைட் மெட்டல் ஒரு கிளை. வேகத்தையும் கடுமையையும் பேணிய த்ராஷ் மறு கிளை. சந்தை, ரசிகர் திரள், உடை ஆகியவற்றைப் பொறுத்தவரை இப்பகுப்பு உறுதியானது. அதையே பாடகர்களின் வரலாற்றுக்கும் பொருத்தி, உயர்ந்த சுருதியில் தெளிவாகப் பாடும் குரலை லைட் மெட்டலுக்கும் கரடான கத்தலை த்ராஷுக்கும் ஒதுக்கிவிடும் வழக்கம் பின்னர் வேரூன்றிவிட்டது. 2022 ஆகஸ்ட் 15 அன்று 62 வயதில் மறைந்த ஸ்டீவ் கிரிம்மெட்டின் பதிவுகள் இதற்கு இடம் தரவில்லை.

அவர் பாடிய கிரிம் ரீப்பர், இங்கிலாந்தின் வூஸ்டர்ஷயரிலுள்ள டிராய்ட்விச் ஊரில் கித்தார் கலைஞர் நிக் போகாட் 1979இல் தொடங்கிய குழு. முதல் தொகுப்பான ‘ஸீ யூ இன் ஹெல்’லுக்கு 1983, 1984 என இரு ஆண்டுகள் வழங்குகின்றன. பிரிட்டனில் எபனி நிறுவனமும் அமெரிக்காவில் ஆர்.சி.ஏ.வும் வெவ்வேறு காலத்தில் வெளியிட்டதே காரணம். அமெரிக்க பில்போர்டு பட்டியலில் அது 73ஆம் இடம் வரை ஏறியது. கிரிம்மெட் பாடிய ஷாட்டோ குழுவின் ‘செயின்ட் அண்ட் டெஸ்பரேட்’ தொகுப்பும் 1983இல் எபனி வெளியிட்டதுதான். இவ்விரண்டில் எது முதலில் பதிவானது என்பதை ஆண்டை மட்டும் கொண்டு அறுதியிட இயலாது. 1985இல் ‘ஃபியர் நோ ஈவில்’, 1987இல் ‘ராக் யூ டு ஹெல்’ ஆகியவை வந்தன. எபனியுடனான ஒப்பந்தப் பிணக்கு இடைப்பட்ட காலத்தைத் தின்றது. குழு கலைந்தது.

என் வாதத்துக்கு முதன்மைச் சான்று இதற்கு அடுத்து வருகிறது. பிரிஸ்டல் நகரின் த்ராஷ் குழுவான ஆன்ஸ்லாட், ஏசி/டிசியின் ‘லெட் தேர் பி ராக்’ பாடலை இருமுறை பதிவு செய்தது. 1987 பதிவில் பாடியவர் சை கீலர். 1989இல் ‘இன் சர்ச் ஆஃப் சானிட்டி’ தொகுப்பில் பாடியவர் கிரிம்மெட். ஒரே குழு, ஒரே பாடல், இரண்டு ஆண்டு இடைவெளி. சுவடிப் பதிப்பாசிரியர் பாடபேதங்களை அருகருகே வைப்பதுபோல் இவ்விரண்டையும் வைத்துக் கேட்க வேண்டும். கீலர் சொற்களைக் கடித்துத் துப்புகிறார். குரல் தாளத்தோடு சேர்ந்து அடிக்கிறது. கிரிம்மெட் அடியின் இறுதிச் சொல்லை மேல் சுருதியில் நீட்டி நிறுத்துகிறார். கீழே கித்தார்கள் வேகம் குறையாமல் ஓடுகின்றன. அந்த நீட்டல் பாடலை மென்மையாக்கவில்லை. வேகத்தைக் கேட்பவருக்கு இன்னும் கூர்மையாக உணர்த்துகிறது.

வைன்ஸ்டைனின் பகுப்பை ஏற்பவர் இங்கே மறுக்கக்கூடும்: 1989இல் ஆன்ஸ்லாட் லண்டன் ரெக்கார்ட்ஸ் என்னும் பெரிய நிறுவனத்தில் இருந்தது, விற்பனைக்காகவே இனிய குரலைத் தேடியது, ஆகவே இது லைட் மெட்டல் பக்கம் சாய்ந்ததற்கே சான்று என்பார். த்ராஷ் ரசிகர் பலர் அன்று அப்படித்தான் கருதினர். வணிகக் கணக்கு இருந்திருக்கலாம் என்பதை மறுக்கவில்லை. ஆனால் அதே தொகுப்பில் ‘வெல்கம் டு டையிங்’ 12 நிமிடங்களைத் தாண்டி ஓடுகிறது. வானொலிக்காகக் குழைந்த குழு அதைப் பதிவு செய்திராது. நோக்கம் எதுவாயினும் ஒலித்தட்டில் நிற்பது பாட்டு; தெளிந்த குரலும் த்ராஷும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல என்பதை அது காட்டுகிறது. ஒரு தொகுப்பை வைத்துப் பொதுவிதி கட்ட முடியாது என்பது உண்மையே. ஒரு பொதுவிதியை ஐயுறுவதற்கு ஒன்று போதும்.

பின்னர் லயன்ஸ்ஹார்ட் குழுவில் அதே குரல் மெல்லிசை சார்ந்த ராக் பாடியது. கிளைகளுக்கிடையே அவர் தாவினார் என்று இதைச் சொல்வது பொருந்தாது. பிளவுக்கு முந்தைய பாடும் முறையைக் கைவிடாமல் எங்கும் கொண்டுசென்றார் என்பதே என் வாசிப்பு. 2017 ஜனவரியில் ஈக்வடார் பயணத்தின்போது நோய்த்தொற்றால் அவரது வலது கால் துண்டிக்கப்பட்டது. செயற்கைக் காலுடன் மேடை ஏறினார். 2019இல் ‘அட் த கேட்ஸ்’ தொகுப்பை வெளியிட்டார். அதிலும் அந்த நீட்டல் இருக்கிறது.

கிரிம் ரீப்பரை இரண்டாம் நிலைக் குழு என்று ஒற்றை வரியில் கடப்போர் அதன் பாடல்வரிகளையும் அட்டைப்படங்களையும் பார்த்து அப்படிச் சொல்கிறார்கள். குரலை அளவுகோலாகக் கொண்டால் ராப் ஹால்ஃபோர்ட், புரூஸ் டிக்கின்சன் ஆகியோரை அடுத்து வைத்துப் பேசவேண்டியவர் கிரிம்மெட். இதை ஐயுறும் ஆய்வாளர்கள் முதலில் 1987, 1989 பதிவுகள் இரண்டையும் ஒரே அமர்வில் கேட்டுவிட்டு எழுத வேண்டும்.