அடம்பன் கொடியும் எங்கட கரையும்

போன வருஷம் எங்கட பொடியன்கள் கொஞ்சப் பேர் சேர்ந்து கடற்கரையில் சிரமதானம் செய்தோம். பொலித்தீன், யோகட் கோப்பை, அறுந்த வலைத்துண்டு எல்லாம் பொறுக்கி முடிந்த பிறகும் கை ஓயவில்லை. மணலில் படர்ந்து கிடந்த பச்சைக் கொடிகளையும் பற்றை எண்டு நினைத்து இழுத்துப் பிடுங்கினோம். கரை வெள்ளை வெளேரெண்டு தெரிந்தது. படம் எடுத்துப் போட்டோம்.

அந்தப் படத்தை மூத்தம்மாவிடம் காட்டினேன். "குப்பையப் பொறுக்கினது நல்லம். கொடிய என்னத்துக்கு மனே புடுங்கின நீங்க? இனி மண் எப்பிடி நிக்கும்?" எண்டு கேட்டா.

நாங்கள் பிடுங்கியது அடம்பன். "அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு" என்ற பழமொழியைத் தேர்தல் மேடையிலும் பாடசாலைப் பேச்சுப் போட்டியிலும் எத்தனை தரம் கேட்டிருப்போம்! நானே அதைச் சொல்லிப் பேசியிருக்கிறேன். ஆனால் காலடியில் கிடந்தபோது அது எது எண்டு தெரியவில்லை. அந்த வெட்கத்தில்தான் தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

இந்தக் கொடிக்குத் தமிழில் இரண்டாயிரம் வருஷ வரலாறு இருக்கிறது. சங்கப் பாடல்களில் இதன் பெயர் அடும்பு. நெய்தல் நிலத்துப் பெண்கள் இதன் பூவைக் கோத்துச் சூடுவார்கள். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிச் சொல்லும் பூக்களில் இதுவும் ஒன்று. நடுவில் பிளந்த இதன் இலையைப் பார்த்து, மானின் குளம்பு போல இருக்கிறது என்கிறது ஒரு குறுந்தொகைப் பாடல். பல நூற்றாண்டுகள் கழித்து, 1753இல், சுவீடன் நாட்டுத் தாவரவியலாளர் லின்னேயஸ் இதற்கு லத்தீனில் வைத்த பெயரின் பொருள் ஆட்டுக்கால். நம் புலவருக்கு மானும் அவருக்கு ஆடும் தோன்றியிருக்கிறது. இரண்டு பேரும் பார்த்தது ஒரே இலையைத்தான்.

இலங்கைத் தாவரங்களை ஆங்கிலேயர் காலத்தில் விரிவாகப் பதிந்தவர் பேராதனைப் பூங்காவின் பணிப்பாளராக இருந்த ஹென்றி டிரிமென். 1893இல் வெளிவரத் தொடங்கிய அவருடைய நூலில் லத்தீன் பெயர்களோடு சிங்கள, தமிழ்ப் பெயர்களும் உண்டு. அந்தப் பெயர்களை எல்லாம் புத்தகத்துக்கு முன்னமே வாயில் வைத்திருந்தவர்கள் எங்கட மூத்தம்மாமாரைப் போன்ற ஆட்கள்தான்.

சரி, மண் எப்படி நிற்கிறது? அடம்பன் பத்து மீற்றருக்கு மேலும் தரையோடு ஓடும். கணுவுக்குக் கணு வேர் விடும். காற்று கொண்டுவரும் மணல் இலையில் பட்டு வேகம் குறைந்து அங்கேயே விழும். கொடி புதையும். புதைந்த கணுவில் வேர் விட்டு மறுபடி மேலே வரும். இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் மணல் மேடு உயர்கிறது. விதை மாதக்கணக்கில் கடலில் மிதந்தாலும் சாகாது. அதனால்தான் உலகத்தின் வெப்பக் கரைகள் எல்லாவற்றிலும் இதே ஊதாப் பூவைக் காணலாம்.

அடம்பன் தனியாக நிற்பதில்லை. முன்வரிசையில் அதற்குத் துணை இராவணன் மீசை. காற்றில் உருண்டோடும் அதன் முள்ளுப் பந்தைத் துரத்தி விளையாடாத கரையோரப் பிள்ளை உண்டா? சிங்களத்திலும் இராவணன் தாடி என்ற பொருளில்தான் அதற்குப் பெயர். அவற்றுக்குப் பின்னால் எருக்கலையும் தாழையும் வரும். எருக்கலை இலையை வாட்டி வீக்கத்துக்கு ஒத்தடம் கொடுப்பார்கள். அதன் பால் மட்டும் கண்ணில் படக்கூடாது. அடம்பன் இலையும் மருந்துதான். ஜெலிபிஷ் பட்ட இடத்தில் அதைப் பூசும் பழக்கம் பல நாட்டுக் கரைகளில் உண்டு. தாய்லாந்து ஆய்வாளர்கள் இதன் சாற்றை ஆய்வுகூடத்தில் சோதித்து, ஜெலிபிஷ் நஞ்சின் வேகத்தை அது குறைப்பதாக 1991இல் எழுதினார்கள்.

இனி, சொல்லக் கஷ்டமான விஷயம். 2004 டிசம்பர் 26 சுனாமியில் அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கும் மேற்பட்டோர் மௌத்தானார்கள். இலங்கையில் வேறெந்த மாவட்டத்திலும் இத்தனை உயிர் போகவில்லை. எனக்கு அப்போது விவரம் தெரியாத வயது. அடம்பன் இருந்திருந்தால் அந்த அலை நின்றிருக்கும் எண்டு நான் சொல்லவரவில்லை. அப்படிச் சொன்னால் அது பொய். ஆனால் மணல் மேடு பற்றி ஒரு சாட்சி இருக்கிறது. 2005 ஜனவரியில் இலங்கைக்கு வந்த சர்வதேச ஆய்வுக் குழு, எங்கள் கரைக்குத் தெற்கே யாலவிலும் பார்த்தது. அங்கே ஒரு ஹோட்டல், கடல் அழகாகத் தெரியவேண்டும் எண்டு முன்னாலிருந்த மேட்டின் ஒரு பகுதியை அகற்றியிருந்தது. மேடு அப்படியே இருந்த பக்கத்து இடங்களைவிட அங்கே சேதம் மிக அதிகம். மேட்டைக் கட்டிவைப்பது இந்தக் கொடிகள்தானே.

சுனாமிக்குப் பிறகு பல கரைகளில் சவுக்கு நட்டார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் சவுக்கு தென்கிழக்காசியாவும் அவுஸ்திரேலியாவும் பக்கமிருந்து வந்த மரம். அதன் சருகு மெத்தைபோல் விழுந்து கிடக்கும் இடத்தில் மற்றச் செடிகள் முளைப்பது குறைவு. இன்னொரு பக்கம் கடலரிப்பு. 2013இல் ஒலுவில் துறைமுகம் திறக்கப்பட்டது. தெற்கிலிருந்து கரையோரமாக வரும் மணலை அலைதடுப்பு மறித்தால் வடக்கே கரை மெலியும். ஒலுவிலிலும் நிந்தவூரிலும் தென்னை கடலுக்குள் சாய்ந்த படங்களை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அந்தப் பிரச்சினையைக் கொடி தீர்க்காது. ஆனால் மிச்சமிருக்கிற மணலையாவது பிடித்துவைக்க நாங்கள் விடவேண்டாமா? துறைமுகத்தைக் குறை சொல்ல எல்லோருக்கும் வாய் இருக்கிறது. கொடியைப் பிடுங்கியது எங்கட கைதான்.

மாரி தொடங்கும் முன் நாங்கள் நாலு பேர் திரும்பப் போனோம். ஒதுக்குப்புறத்தில் தப்பியிருந்த கொடியிலிருந்து, கணு உள்ள துண்டுகளை வெட்டி, பிடுங்கிய இடத்தில் புதைத்தோம். சிலது கருகிவிட்டது. சிலது மழைக்குப் பிறகு துளிர்த்திருக்கிறது. இந்த முறை படம் எடுக்கவில்லை. மூத்தம்மாவிடம் மட்டும் சொன்னேன். "மிதிபடாமப் பாத்துக்கங்க" எண்டா.